சுவரில் கட்டிய தந்தி

தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு எல்லாரும் திரும்பிப் போயாச்சு, நாம மட்டும் ஏன் பதுளையில் பெரியம்மா வீட்டில் நெருக்கியடித்துக் கிடக்கிறோம் என்று நீங்க ரெண்டு பேரும் தினமும் கேட்கிறீர்கள். "மலை சரியில்ல" என்று சொல்லி உங்கள் வாயை அடைத்துவிடுகிறேன். அது ஒரு பதிலே இல்லை என்று எனக்கும் தெரியும். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பேச ஆரம்பித்தால் கோபம் வந்து பேச்சு எங்கேயோ போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு அத்தை வேறு, சனிக்கிழமைக்கு உங்களை அங்கே வந்து தங்கச் சொல்லியிருக்கிறார். அனுப்புவேனா மாட்டேனா என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

மழை விடாமல் ஊற்றிய அந்த நாட்களில் உங்க மாமா எல்லவிலிருந்து கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கும். பகலில் அங்கே வெள்ளைக்காரர் வந்து தங்கும் ஹோட்டலில் சாப்பாடு பரிமாறுகிறார், சாயங்காலம் அதே ஹோட்டலில் கிட்டார் வாசிக்கிறார். அது நம்ம கோயில் பஜனைக்கு வாசிக்கிற கிட்டார் மாதிரி இல்லை. ஸ்பெயின் நாட்டு பிளமெங்கோ வாசிப்புக்கென்றே செய்தது. கையில் எடுத்தால் கனமே இருக்காது. தந்திகள் கழுத்துப் பலகையை ஒட்டினாற்போல் தாழ்ந்து ஓடும். அப்போதுதான் விரல் பறக்கும். அடிக்கும்போது கொஞ்சம் கரகரப்பும் வரும். அந்தக் கரகரப்புதான் அதற்கு அழகாம்.

"மச்சான், தந்தியெல்லாம் தூக்கிக்கிட்டு நிக்குது. விரல் ஓட மாட்டேங்குது. வெள்ளைக்காரன் கை தட்டாம கொட்டாவி விடுறான்" என்றார் மாமா.

"ஈரம். முன்பலகை உப்பியிருக்கும், அதோட தந்தியும் ஏறியிருக்கும்" என்றேன்.

அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் ஈரத்தையே சொன்னோம். சீனி கட்டி தட்டினால் ஈரம், தீப்பெட்டி பற்றாவிட்டால் ஈரம். லயத்தில் ஒரு வீட்டுக் கதவும் சரியாகச் சாத்தவில்லை, அதற்கும் ஈரம். மழைக்காலத்தில் கதவு உப்புவதும் நான் போய்ச் சீவிக் கொடுப்பதும் வருஷா வருஷம் நடக்கிறதுதானே. அந்தத் தடவையும் இழைப்புளியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒரு டீத்தண்ணி குடிப்பேன், மேல் விளிம்பைச் சீவுவேன், அடுத்த வீட்டுக்குப் போவேன். கதவுகள் எல்லாம் ஒரே மூலையில் இடித்ததை யாரும் யோசிக்கவில்லை.

கிட்டார் பழுது பார்ப்பது எனக்குப் பழகின வேலை, இதுவும் சின்ன வேலைதான். தந்தியின் வால் பக்கத்தில் சேடில் என்று ஒரு எலும்புத் துண்டு நிற்கும், தந்திகள் அதன் தலைமேல் ஏறித்தான் போகும். அதைக் கழற்றி அடிப்பக்கத்தைத் தேய்த்தால் தந்தி இறங்கும். நடுக்கழுத்தில் அரை மில்லிமீட்டர் இறங்கவேண்டுமானால் எலும்பில் ஒரு மில்லிமீட்டர் போகவேண்டும். கண்ணாடித் தகட்டில் உப்புத்தாளை ஒட்டி, எலும்பை நேராகப் பிடித்து, முன்னும் பின்னும் இழுக்கவேண்டும். அடிப்பக்கம் சப்பையாக உட்கார்ந்தால்தான் சத்தம் பலகைக்குள் இறங்கும்.

வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில் என் மேசைமேல் வைத்துத் தேய்த்தேன். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் அடிப்பக்கம் சரிவாக இருந்தது. சரிவை எடுக்கத் தேய்த்தேன், இன்னும் சரிந்தது. அந்த எலும்பு வீணாகிவிட்டது. பசறை இறைச்சிக்கடையில் வாங்கி, உங்க அம்மா குசினிக்குள் விடமாட்டேன் என்றதால் வெளியே தகர டப்பாவில் அவித்து வைத்திருந்த எலும்பு ஒன்று இருந்தது. அதை அறுத்துப் புதுசாகச் செய்தேன். அதுவும் அதே பக்கம் சரிந்தது.

"மச்சான், கண்ணாடிய மாத்துங்க. இல்லாட்டி கைய மாத்துங்க" என்றார் மாமா.

"நீ வாய மாத்து முதல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷத்தில் என் கை அப்படிப் போனதே இல்லை. ரசமட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். குமிழி ஓரத்துக்கு ஓடியது. எலும்பை என் கை நேராகத்தான் பிடித்திருக்கிறது, சரிந்திருந்தது மேசை. அட, இவ்வளவுதானா என்று இருந்தது. காட்போட் அட்டையை மடித்து மேசைக்காலுக்கு அண்டை கொடுத்தேன். தேய்க்கும்போது எலும்பு குட்டையாகிவிட்டால் அடியில் அட்டைத் துண்டு வைப்போமே, அதே பழக்கம். குமிழி நடுவுக்கு வந்தது. அன்றைக்கு ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுச் சங்கு ஊதிவிட்டதால் வேலைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பார்த்தால் குமிழி மறுபடியும் ஓரத்தில். இன்னொரு அட்டை வைத்தேன்.

உங்க அம்மா கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, மேசைக்கு அட்டை வைக்கிறீங்க. வீட்டுக்கு என்னத்த வைப்பீங்க?" என்றாள்.

அப்போதுதான் ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன். தரையும் சரிந்திருந்தது, பள்ளத்துப் பக்கம். குசினிச் சுவரில் பல்லி வால் மாதிரி ஒரு விரிசல் ரொம்ப நாளாக இருந்தது, நீங்க அதில் பென்சிலைச் செருகி விளையாடுவீர்கள். அது பழைய விரிசல் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது சும்மா இருக்கிற விரிசலா, வளர்கிற விரிசலா என்று யாருக்குத் தெரியும்?

உடைந்த கிட்டார் ஒன்றின் முறுக்காணி என்னிடம் கிடந்தது. விரிசலுக்கு ஒரு பக்கம் அதைத் திருகினேன், மறு பக்கம் ஒரு ஆணி அடித்தேன். நடுவில் புது நைலான் தந்தி ஒன்றைக் கட்டி முறுக்கினேன். மாமா தன் கிட்டாரை மடியில் வைத்து, அதன் மூன்றாவது தந்தியோடு சுவர்த் தந்தியை ஒரே சுருதிக்குச் சேர்த்தார்.

"கிட்டாருக்கும் சுவருக்கும் கல்யாணம்" என்று சிரித்தார். "நாளைக்கு இதுவும் வாசிக்கும்."

புது நைலான் தந்தியின் குணம் ஒன்று உண்டு. கட்டின கையோடு இளக ஆரம்பிக்கும். சில நாளைக்கு சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், நாம முறுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். ஈரம் வந்தால் இன்னும் தளரும். அது தானாக ஏறி நான் பார்த்ததில்லை.

விடிந்ததும் மாமா சுவர்த் தந்தியைச் சுண்டினார். கிட்டாரைச் சுண்டினார். மறுபடியும் சுவரைச் சுண்டினார். பிறகு கிட்டாரைக் கீழே வைத்துவிட்டார்.

"இறங்கியிருக்கா?" என்றேன்.

"ஏறியிருக்கு மச்சான்."

"நல்லாக் கேளு."

"நீங்களே கேளுங்க."

நானும் சுண்டினேன். கீச்சென்று கேட்டது. இரவில் யாரும் முறுக்காணியைத் தொடவில்லை. சுவர்தான் முறுக்கியிருக்கிறது. வெளியே மழை தகரத்தில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் மலை எப்போதும்போல் பச்சையாக நின்றது, பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

"பிள்ளைங்கள எழுப்புடி" என்றேன்.

"மழை கொஞ்சம் விடட்டுமேக்கா" என்றார் மாமா, அம்மாவைப் பார்த்து.

"மீரியபெத்தயிலயும் மலை காலையிலதான்டா இறங்குச்சு, லயத்தோட மண்ணுக்குள்ள போச்சு" என்றாள் அம்மா. அவள் ஏற்கெனவே உங்கள் புத்தகப் பைகளைக் காலி பண்ணி உடுப்பை அடைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லார் கதவையும் தட்டி, பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கிவிடலாம் என்று சொன்னேன். பாதிப் பேர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். மீதிப் பேர், கிராம சேவகர் வந்து சொல்லட்டும் என்றார்கள். அவர் வந்து சொன்ன பிறகு அவர்களும் வந்தார்கள். மழை விட்டது. மலை இறங்கவில்லை. எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள், நாம மட்டும் பதுளைக்கு வந்தோம். "கிட்டார் தந்தியக் கேட்டு ஓடினவரு" என்று என்னைப் பேசுவது காதில் விழாமல் இல்லை.

மாமாவின் கிட்டாரை இங்கே பெரியம்மா வீட்டுத் தரையில் உட்கார்ந்துதான் முடித்தேன். அதே கண்ணாடித் தகடு, அதே உப்புத்தாள், அதே கை. முதல் தடவையே எலும்பின் அடி சப்பையாக வந்தது. தந்தி தாழ்ந்தது, கரகரப்பு வந்தது, மாமா சந்தோஷமாகப் போனார். எனக்கோ, கோளாறு என் கையிலோ கண்ணிலோ இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

இன்றைக்கு அத்தைக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளைங்கள அனுப்புங்கண்ணே. கதவெல்லாம் ஜோராச் சாத்துது."

"சீவினா சாத்தத்தான் செய்யும். உங்க குசினிச் சுவத்துலயும் விரிசல் இருந்துச்சே, இப்ப எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, விரிசலுக்கு சீமெந்து பூசி சுண்ணாம்பும் அடிச்சாச்சு. புது வீடு மாதிரி இருக்கு, வந்து பாருங்களேன்."

போனை வைத்தேன். கண்ணுக்குத் தெரிந்த ஒரே அடையாளத்தையும் பூசி மறைத்துவிட்டு அந்தச் சுவருக்குக் கீழேதான் அடுப்பு வைத்திருக்கிறார்கள். அத்தையின் மகள், உங்கள் கூட்டாளி, அந்த அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாடம் எழுதுவாள்.

மத்தியானத்திலிருந்து கிழக்கே நம்ம மலைக்கு மேலே, லுணுகலைப் பக்கம் கருத்துக் கிடக்கிறது. இங்கே இன்னும் தூறவில்லை. நான் இப்போது பஸ் பிடித்து மேலே நம்ம லயத்துக்குப் போகிறேன். அத்தையோடு சண்டை போட்டாவது அந்தப் பிள்ளையைக் கூட்டி வரப் பார்க்கிறேன், அவர்களும் வந்தால் இன்னும் நல்லது. இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். நீங்க யாரும் பின்னால் வரக்கூடாது. பெரியம்மாவிடம் சொல்லி, உங்கள் ரெண்டு பேர் பாய்க்கு நடுவில் கொஞ்சம் இடம் பண்ணி வையுங்க.