சட்டை உதறியவளுக்குக் கேள்வி இல்லை

இன்று காலை எங்கள் குவார்ட்டர்ஸ் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மகன் குமரவேல், மருமகள் சாந்தி, நுரையீரல் ஆராய்ச்சிக்காக வீடு வீடாக வரும் ஒரு பெண்.

சுரங்கத் தூசியால் யாருக்கு மூச்சு கெட்டிருக்கிறது என்று பார்க்கிறார்களாம். கையில் ஊதிப் பார்க்கும் குழாய் வைத்திருந்தாள். எனக்கு ஆறு வருடமாக இருமல். முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

"பாட்டி, நீங்க மைன்ஸ்ல வேலை பார்த்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகன் முந்திக்கொண்டான். "அம்மா எங்கங்க வேலைக்குப் போனாங்க? சும்மா வூட்லதான் இருந்தாங்க."

அவள் 'இல்லை' என்று குறித்துவிட்டு, குழாயை மைன்ஸில் வேலை பார்க்கும் அவனிடம் நீட்டினாள். வேலை பார்த்தவர்கள் மட்டும்தான் ஊத வேண்டுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எம் புருஷன் மூணு ஷிப்டு சட்டையையும் கொல்லையில ஒதறி ஒதறித் தொவைச்சது யாரும்மா? அந்தத் தூளு எம் மூக்குலதான போச்சு?"

"அதுக்கு இதுல கேள்வி இல்லைங்க பாட்டி."

"அத்தை சொல்றதையும் ஓரமா எழுதிக்கங்க," என்றாள் சாந்தி. அந்தப் பெண்ணும் எழுதிக்கொண்டாள். ஆனால் குழாய் என் பக்கம் வரவில்லை.

உங்கள் வீட்டில் சட்டை உதறியது யார்? அவர்களுக்கும் இருமல் உண்டா? கீழே எழுதுங்கள், ஆராய்ச்சியை நானே நடத்திக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணை மன்னித்துவிட்டேன். கல்யாணமாகும் வரை தன் மைன்ஸ் சட்டையையும் என் தலையில் கட்டிவிட்டு, இன்று 'சும்மா' என்று சொன்னானே, அந்தக் குமரவேலை மன்னிக்க மாட்டேன்.