நஞ்சுண்டப்பா வீட்டுத் தட்டு

லிங்கராஜபுரத்துத் தமிழ்ச் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் பெறுகிற திருவிருந்து. பிறரோடு சமாதானமாக இருக்கிறவர்கள் கிட்டி வரலாம் என்று போதகர் அழைத்ததும், மக்கள் வரிசையாக எழுந்து முன்னே போய் முழங்கால் போடுவார்கள். ஜன்னலோரப் பெஞ்சில் ஞானாபரணம் மட்டும் எழுந்திருக்க மாட்டார். பக்கத்தில் இருப்பவர்கள் போக வர வழிவிட்டு, கால்களை ஒடுக்கிக்கொண்டு, தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்.

சிவாஜிநகரில் ஒரு சின்னக் கடையில் ஆட்டோக்களுக்கு சீட்டும் டாப்பும் தைப்பது அவர் வேலை. அதை வைத்தே சபைப் பையன்கள் கிண்டல் செய்வார்கள்.

"ஆட்டோ சீட்டு தைக்கிறவரு, தன்னையும் சேத்து பெஞ்சோட தெச்சிக்கினாருடா!"

அது காதில் விழுந்தால் அவரும் சிரித்துவிடுவார். ஆனால் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

முன்பெல்லாம் அவர் இப்படி இல்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவர். பாட்டில் சுருதி தப்பினாலும் குரலை இறக்காதவர். 1991 டிசம்பருக்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக விட்டார். கடையில் வேலை அதிகம் என்றார். சபையில் இருந்தவர்கள் தாங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள்: காவிரிக் கலவரத்தில் பயந்துபோன மனிதர்; பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரோடு அதற்குப் பிறகு பேச்சில்லை; மனதில் கோபம் இருக்கிறது, அதனால்தான் திருவிருந்துக்குப் போவதில்லை. அவரும் அதை மறுக்கவில்லை. உண்மையைச் சொல்வதைவிட, கோபக்காரன் என்று பெயர் எடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

உண்மை வேறு.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நஞ்சுண்டப்பா, பஸ் கண்டக்டர். அவர் மனைவி ஜயம்மா. இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரே சுவர், ஒரே தண்ணீர்க் குழாய். கிறிஸ்துமஸுக்கு ஞானாபரணத்தின் வீட்டிலிருந்து மாவில் சுருட்டிப் பொரித்த இனிப்பான கல்கல் ஒரு தட்டு நிறையப் போகும். யுகாதிக்கு அங்கிருந்து ஒப்பட்டு, அதாவது போளி, வரும். யார் வீட்டுத் தட்டும் வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பது அந்தச் சந்தில் எல்லா மதத்தாருக்கும் பொதுவான வழக்கம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள்.

கலவரத்தன்று பெரிய தெருவில் டயர் எரிகிற நாற்றம் வந்தபோது, முதலில் ஓடி வந்தது நஞ்சுண்டப்பாதான். ஞானாபரணத்தின் வாசல் நிலைக்கு மேலே தமிழில் எழுதிய வேத வசனப் பலகை ஒன்று மாட்டியிருந்தது. ஸ்டூல் போட்டு அதைக் கழற்றித் தன் வீட்டுக்குள் கொண்டுபோனார். ஜயம்மா வாசலில் அவசரமாக ரங்கோலி இழுத்தாள். பலகை இருந்த ஆணியில் நஞ்சுண்டப்பா தங்கள் வீட்டுச் சாமி படக் காலண்டரைக் கொண்டுவந்து மாட்டினார். மாட்டிவிட்டு, ஞானாபரணத்தின் தோளில் கைபோட்டு அந்த வாசலிலேயே நின்றுகொண்டார்.

கும்பல் வந்தது. அதிகம் பேர் இல்லை, ஆனால் கையில் கம்பு இருந்தது.

"யாரு இவரு?"

"நம்ம தம்மா," என்றார் நஞ்சுண்டப்பா. என் தம்பி என்று அர்த்தம்.

அதோடு போயிருப்பார்கள். ஒருவன் மட்டும் திரும்பி ஞானாபரணத்தின் முகத்தைப் பார்த்தான். நீ தமிழனா என்று நேராகவே கேட்டான். இல்லை என்றார் ஞானாபரணம், சுத்தமான கன்னடத்தில். காலண்டரைக் காட்டி, இது உங்கள் வீட்டுச் சாமிதானே என்றான். ஹௌது, ஆமாம் என்றார். அவன் இன்னும் பார்த்துக்கொண்டே நின்றதால், கேட்காமலே கை கூப்பியும் காட்டினார்.

கும்பல் அடுத்த சந்துக்குப் போய்விட்டது. உள்ளே கட்டிலுக்கு அடியில் அவர் மனைவி கிருபாவதியும் மகள் சோனியாவும் உயிரோடு இருந்தார்கள். வீடு எரியவில்லை. மறுநாள் ஊரடங்கு, கடைகள் இல்லை. ஜயம்மா ஒரு எவர்சில்வர் தட்டு நிறையச் சித்ரான்னம் கொண்டுவந்து கொடுத்தாள். விளிம்பில் கன்னட எழுத்தில் பெயர் வெட்டிய தட்டு.

அந்தத் தட்டு திரும்பிப் போகவில்லை.

அந்த வருடம் கல்கல் சுடுகிற மனநிலையில் யாரும் இல்லை. அடுத்த வருடம் கிருபாவதி சுட்டாள்; தட்டை நிரப்பி அவர் கையில் கொடுத்தாள். அப்புறம் போகிறேன் என்று மேசையில் வைத்தவர் போகவேயில்லை. அவளே எடுத்துக்கொண்டு போனபோது ஜயம்மா வாசலிலேயே தடுத்துவிட்டாள். "நீ வாம்மா, உக்காரு, காப்பி குடி. தட்டு மாத்திரம் அவர் கையில குடுத்தனுப்பு. எங்க வீட்டவரு அப்படித்தான் சொல்றாரு." பெண்கள் இருவரும் குழாயடியில் எப்போதும்போல் பேசிக்கொண்டார்கள். ஆண்கள் இருவருக்கும் நடுவில்தான் அந்தத் தட்டு இருந்தது.

நஞ்சுண்டப்பாவைப் பார்த்தால் ஞானாபரணத்துக்குக் கோபம் வந்ததேயில்லை. அந்த மனிதரைப் பார்க்கும்போதெல்லாம் கூப்பிய தன் கைகள் கண்முன் வந்தன. பிள்ளைகளுக்கு, விசுவாசத்தை மறுக்காமல் நின்ற தைரியமான சாட்சிகளைப் பற்றிக் கதை சொன்ன வாய், ஒரு கம்பைப் பார்த்ததும் எப்படிப் பேசியது என்று தெரிந்த ஒரே மனிதர் அவர். அதனால் பின்சந்து வழியாக வேலைக்குப் போகப் பழகினார். ஜெபத்திலும் அவருக்கு அதேதான் நடந்தது. கண்ணை மூடினால், அங்கேயும் எல்லாம் தெரிந்த ஒருவர் இருந்தார். வாசல் நிலைக்கு மேலே பலகை இருந்த இடம் மட்டும் வெளுத்த சதுரமாகத் தெரிந்தது. காலண்டர் மறுநாளே திரும்பிப் போய்விட்டது. பலகையைத் தாருங்கள் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

நஞ்சுண்டப்பாவின் மொபெட் எப்போதும் சந்தில்தான் நிற்கும். கலவரத்துக்கு அடுத்த மழைக்காலத்தில் அதன் சீட் கிழிந்தது. அவர் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு ஓட்டினார். பை நைந்ததும் வேறு பை கட்டினார். ஊருக்கெல்லாம் சீட் தைக்கிற ஒருவருக்கு அதைக் கடந்துபோவது எப்படி இருந்திருக்கும்! சில நாள் ஞானாபரணத்தின் கை அறியாமலே அந்தக் கிழிசலின் அளவைத் தடவிப் பார்த்துவிடும். உடனே சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நடந்துவிடுவார்.

1996இல் சோனியா திடப்படுத்தல் வகுப்புக்குப் போனாள். பேராயர் வந்து தலைமேல் கை வைத்து ஜெபித்தபின், பிள்ளைகள் முதல்முறையாகத் திருவிருந்து பெறும் ஆராதனை அது. அந்தச் சபையில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளையை நடுவில் வைத்து, தகப்பன் ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமும் முழங்காலிட்டு, மூன்று பேரும் சேர்ந்தே பெறுவார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கடையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார் ஞானாபரணம். சோனியா வெள்ளைத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நாளைக்கு வருவீங்க இல்ல?"

"வராம? முதல் பெஞ்சுல உக்காந்து பாப்பேன்."

"உக்காந்து பாக்க நீங்க இன்னா கெஸ்ட்டா?"

கிருபாவதி சாம்பார்க் கரண்டியோடு நின்றாள். "நல்லா கேளு. எனக்கு பதில் சொல்லல, உனக்காவது சொல்றாரா பாப்போம்."

"உனக்குத் தெரியாது சோனி," என்றார் அவர். "மனசு சுத்தமில்லாம அங்க போகக் கூடாது."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எனக்குத் தெரியும்பா. கட்டிலுக்கு அடியில இருந்து வாசல் நேராத் தெரியும். நீங்க சொன்னது, கும்பிட்டது, எல்லாம் பாத்தேன்."

அவர் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. ஐந்து வருடமாக யாருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தாரோ, அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவள் தினமும் அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அவர் சைக்கிளில்தான் ஏறி உட்கார்ந்து பள்ளிக்குப் போயிருக்கிறாள்.

"இன்னொண்ணும் பாத்தேன்," என்றாள் சோனியா. "அவங்க போனப்புறம் நீங்க உள்ள ஓடி வந்துட்டீங்க. அங்கிள் நம்ம படியிலேயே உக்காந்துட்டாரு. எழுந்திருக்கவே முடியல அவருக்கு. கை அப்படி நடுங்கிச்சு. ஆன்ட்டி வந்துதான் தூக்கினாங்க."

அன்று தன்னைத் தவிர வேறு யாரும் பயந்திருக்க முடியும் என்று ஞானாபரணம் நினைத்ததே இல்லை.

சாப்பாட்டை முடிக்காமலே எழுந்து கை கழுவினார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தத் தட்டை எடுத்தார். தூசி படிந்திருக்கும் என்று நினைத்தார். இல்லை, கிருபாவதி தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தாள்.

"இதுல போட இன்னா இருக்கு?"

அவள் ஒரு டப்பாவைத் திறந்தாள். கல்கல்.

"இன்னும் கிறிஸ்துமஸ் வரலியே?"

"அந்த வருசத்து பாக்கி," என்றாள். "புள்ளைக்கு நாளைக்கு விசேஷம்னு சுட்டேன். உங்க ராசி, கேட்டுட்டீங்க."

பின்சந்து வழியாக அல்ல, முன்வாசல் வழியாகவே போனார். அடுத்த வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. நஞ்சுண்டப்பா பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தார், அதன் பிறகுதான் ஆளைப் பார்த்தார்.

"பா, ஒளகெ பா," என்றார். உள்ளே வரச்சொல்லி நாற்காலியைக் காலால் தள்ளினார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "ஜயம்மா, நோடு, இங்க பாரு! சித்ரான்னம் ஜீரணம் ஆயிடுச்சாம்! அஞ்சு வருஷம் ஆச்சு பாவம், தட்டு எடுத்துட்டு வந்துட்டான்!" என்று கத்தினார்.

ஞானாபரணம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். தன் உயிருக்காகத் தமிழன் இல்லை என்றதை. தன் ஆண்டவரையும் இல்லை என்றதை. அதைப் பார்த்த கண்களை எதிர்கொள்ள முடியாமல் ஒளிந்து நடந்ததை. நன்றிகூடச் சரியாகச் சொல்லாததை.

நஞ்சுண்டப்பா பேப்பரை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

"நீ என் மேல கோவமா இருக்கியோன்னு நான் நெனச்சிட்டு இருந்தேன்," என்றார் மெல்ல. "அன்னைக்கு வந்தவங்கள்ல ரெண்டு பசங்க எனக்குத் தெரிஞ்ச பசங்க. தினம் என் பஸ்ல ஏறுறவங்க. நம்ம ஜனமே உன் வாசல்ல கம்பு எடுத்துட்டு வந்து நின்னா, உன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது? நீ பின்சந்துல போகும்போதெல்லாம், சரி, அவனுக்கு என்னைப் பாக்க அசிங்கமா இருக்குன்னு நெனச்சேன்."

"அய்யோ, இல்ல அண்ணா."

"அண்ணா!" என்று அவர் தன் மனைவியைப் பார்த்தார். "கேட்டியா? தம்மான்னு நான் அன்னைக்கு சொன்னது பொய் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உன் தேவர்கிட்ட இதைச் சொன்னியா?"

"வாயைத் திறந்து சொல்லல."

"என்கிட்டயும் சொல்லல, அவர்கிட்டயும் சொல்லல. நாங்க ரெண்டு பேரும் உன்னை வேணாம்னு சொல்லிட்டோம்னு நீயே முடிவு பண்ணிட்டே."

ஜயம்மா உள்ளேயிருந்து எதையோ தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். பழைய பெட்ஷீட்டில் சுற்றியிருந்தது. பிரித்தாள். வசனப் பலகை. நீல எழுத்து ஓரிடத்திலும் உதிரவில்லை.

"ராகி மூட்டைக்குப் பின்னாடி வெச்சிருந்தோம்," என்றாள். "எனக்குப் படிக்க வராது. ஆனா தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்றப்ப, இதையும் தொடச்சி வெப்பேன்."

"இவ்வளவு நாள் வெச்சிருந்தீங்களே, ஒரு வார்த்தை எடுத்துட்டுப் போன்னு சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கவே இல்லையேப்பா," என்றார் நஞ்சுண்டப்பா.

அந்த வார்த்தை ஞானாபரணத்தை வீடு வரை துரத்திக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் போனவர் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போட்டார். பிறகு, பக்கத்து வீட்டில் சொன்ன அதே வார்த்தைகளில், அதே வரிசையில், எல்லாவற்றையும் சொன்னார். அழகான ஜெபம் அல்ல. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் செய்தால் திருத்தியிருப்பார். ஆனால் இத்தனை வருடமும் விலகிப்போனது தான் ஒருவர் மட்டும்தான் என்று அவருக்கு அப்போது தெரிந்தது. தன்னை அறிந்தவரிடமிருந்து ஓடுகிறவனுக்கு அறியப்படுவதன் ஆறுதலும் கிடைக்காமல் போகிறது. அவர் விஷயத்தில் அறிந்தவர்கள், நஞ்சுண்டப்பாவும் ஆண்டவரும், இருவருமே பலகையைத் துடைத்துவைத்துக் காத்திருந்தார்கள்.

மறுநாள் ஆராதனையில் அழைப்பு வந்தபோது அவர் உடனே எழுந்துவிடவில்லை. பின்பெஞ்சில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வெள்ளை உடையில் சோனியா நடுவழியில் நின்று திரும்பிப் பார்த்தாள். கூப்பிடவில்லை. நின்றாள், அவ்வளவுதான்.

ஞானாபரணம் எழுந்தார். பெஞ்சின் விளிம்பைப் பிடித்து, பக்கத்தில் இருந்தவர்களின் கால்களைத் தாண்டி நடந்தார். கிருபாவதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் மகள். அப்பத்தை வாங்க இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். ஐந்து வருடமாகத் தன் கைகளைச் சேர்க்கவே கூசியவர் அவர். அன்று அவை விலகவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பையன்களில் ஒருவன் வாயைத் திறக்கப் பார்த்தான். அவர் முந்திக்கொண்டார்.

"தையல் பிரிஞ்சிடுச்சுடா."

திங்கட்கிழமை காலையில் சந்தில் மொபெட் வழக்கமான இடத்தில் நின்றது. ஆனால் அதற்கு சீட் இல்லை. கம்பிச் சட்டம் மட்டும்தான் தெரிந்தது. நஞ்சுண்டப்பா வாசலில் நின்று, எதிர்வீட்டுக்காரர் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"திருடனா? இல்லப்பா. என் தம்மா எடுத்துட்டுப் போயிருக்கான். சாயந்திரம் ஷிவாஜிநகர்ல இருந்து வரும்."

பக்கத்து வாசலின் நிலைக்கு மேலே, வெளுத்த சதுரம் இருந்த இடத்தில், நீல எழுத்துப் பலகை மறுபடி தொங்கியது.