அண்ணன் லோரிக்குப் பேட்டரி வாங்கிக் கொடுத்தவர்

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு உடன்பிறந்தவன் எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டுக்கொண்டார். உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். அண்ணனின் நல்ல குணங்களை எழுதலாம் என்று உட்கார்ந்தால், என் பொறாமை முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. அதை மறைத்து எழுதினால் பாதி பொய்யாகிவிடும். படிக்கும் உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

அண்ணன் பிறந்தது காம்பாருக்கு உள்ளே இருந்த ரப்பர் பால் எடுக்கும் ஒரு கித்தாத் தோட்டத்தின் லயத்து வீட்டில். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினான்கு வயது, எனக்கு நான்கு. மறுவாரமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பால்வெட்டுக்குப் போனார். பிறகு தோட்டத்துப் பால் லோரியில் கையாளாக ஏறி, லைசென்ஸ் எடுத்து, அதற்கே ஓட்டுநரானார். என்னைப் படிக்கவைத்தவரும், வேலைக்குச் சேர்த்துவிட்டவரும், பெண் பார்த்துக் கட்டிவைத்தவரும் அவர்தான். அப்பாவின் முகம் எனக்கு நினைவில் இல்லை. நினைத்துப் பார்த்தால் அண்ணன் முகம்தான் வரும்.

தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது அண்ணன் ஒரு பழைய லோரியை வாங்கினார். லயத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஈப்போவில் உள்ள சிலிபினுக்குக் குடிவந்தது அந்த லோரியில்தான். இதைப் படிக்கும் பலருடைய கட்டிலும் அலமாரியும் அதில் ஏறி இறங்கியிருக்கும். அண்ணனுக்கு வயதானபின் லோரி வீட்டோரக் கொட்டகையில் நின்றது. தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்த் தொட்டி ஏற்றவும், ஆயுத பூசையன்று ஒரு சுற்று வரவும் மட்டும் வெளியே எடுப்பார். நிற்கும் நாட்களில் சார்ஜ் இறங்காமல் இருக்க, பேட்டரியின் ஒரு கம்பியைக் கழற்றிவிடுவார்.

அந்தப் பேட்டரிதான் ஒருநாள் செத்துப்போனது.

நான் லகாட் சாலையில் வண்டி உதிரிபாகக் கடையில் வேலை செய்கிறேன். தலை நரைத்ததே அந்தக் கடையில்தான். ஈப்போவில் பாதிப் பேருக்கு நான் பேட்டரி எடுத்துக் கொடுத்திருப்பேன். ஆனால் அண்ணன் என்னைக் கூப்பிடவில்லை. காம்பாரில் இருக்கும் அண்ணியின் தம்பியைக் கூப்பிட்டார். அவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், வீட்டில் எல்லாருக்கும் வாத்தியார். வாழ்நாளில் லோரி ஓட்டாதவர். ஒருநாள் எதேச்சையாகப் போனபோது கொட்டகையில் புதுப் பேட்டரியின் காலி அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். யார் வாங்கியது என்று அண்ணி சொன்னதும், கொடுத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

பிழை கண்டுபிடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நானாக இருந்தால் அலமாரியில் இருப்பதிலேயே பெரியதைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். வாத்தியார் பேட்டரி வைக்கும் தட்டின் அளவைக் குறித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். எப்போதாவது ஓடும் வண்டிக்குப் பெரியது முக்கியமில்லை, சும்மா நின்றாலும் சார்ஜ் சீக்கிரம் இறங்காததுதான் வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கடையில் பல மாதம் கிடந்ததைத் தள்ளிவிட்டு, புதிதாக வந்ததை எடுத்திருக்கிறார். சரியான பேட்டரி. தப்பாக வாங்கியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு லோரியைக் கழுவி மாலை போட்டோம். சந்தனம் வைத்தது நான். சக்கரம், ஸ்டியரிங் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு, கம்பி கழற்றியிருந்த பேட்டரி முனையிலும் கெட்டியாகச் சந்தனத்தை அப்பிப் பொட்டு வைத்தேன். அண்ணன் அதைக் கவனிக்காமல் அதன்மேலேயே கம்பியை மாட்டிவிட்டார். சாவியைத் திருப்பினால் லோரியிடம் ஒரு முனகல்கூட இல்லை. வாத்தியாரும் அக்கம்பக்கத்தாரும் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

“நான் அப்பவே நெனச்சேன்லா. வாத்தியார் வாங்குன பேட்டரி கோங் ஆயிருச்சு, செத்துப்போச்சு” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். நான் மோட்டார் சைக்கிளில் பறந்துபோய்க் கடையிலிருந்து பெரிய பேட்டரி ஒன்றைக் கட்டி எடுத்துவந்தேன். வந்து பார்த்தால் லோரி ஓடிக்கொண்டிருக்கிறது, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை நசுங்கிக் கிடக்கிறது. அண்ணன் தோளில் இருந்த துண்டு முழுக்க என் சந்தனம். மின்சாரத்தை மறித்திருந்த சந்தனத்தை முனையிலிருந்து துடைத்துவிட்டுக் கம்பியை மாட்டியிருக்கிறார். கேட்டவர்களிடம் கம்பி லூசாக இருந்தது என்று மட்டும் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவருடைய குணத்துக்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

சில மாதங்களில் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்து ஈப்போ மருத்துவமனையில் சேர்த்தோம். ஒரு மதியம் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அந்த நிலையிலும் எனக்கு வேறு பேச்சு வரவில்லை.

“ஏண்ணே, பேட்டரிக்கு என்னைய ஏன் கூப்புடல?”

அண்ணன் என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“ஒன்னையக் கூப்புட்டா பத்து நிமிசத்துல மாட்டிட்டுப் போயிருவடா. அவரு மூணு சனிக்கெழம வந்தாரு. அளவு எடுக்க ஒரு நாளு, கடைக்குப் போவ ஒரு நாளு, மாட்ட ஒரு நாளு. ஒக்காந்து பேசிக்கிட்டு இருந்தோம்.”

கடையிலிருந்து எத்தனையோ முறை அண்ணன் கேட்ட சாமானைக் கொண்டுபோய், மோட்டார் சைக்கிளை அணைக்காமலே வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ‘உள்ள வாடா’ என்பார். ‘வேலை இருக்குண்ணே, வாரேன்’ என்பேன். அந்த மதியத்துக்குப் பிறகு அண்ணன் நான்கு நாட்கள்தான் இருந்தார். நான்கு நாளும் கடைக்குப் போகாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆனால் அவரால் பேச முடியவில்லை.

அண்ணனைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், பந்தல் போட்டு நாற்காலி சுமந்த சிலிபின் அண்டை வீட்டாருக்கும், கருமக்கிரியை முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டியிராதபடி சமைத்து அனுப்பிய தோட்டத்துக் குடும்பங்களுக்கும், தொலைவிலிருந்து வந்து தோள் கொடுத்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வாத்தியாருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சபையில் உங்களைத் தலைகுனிய வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பொறாமை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், போகவில்லை. அந்த மூன்று சனிக்கிழமைகளில் அண்ணன் உங்களிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. இந்த ஓராண்டாகக் கேட்கவும் மனம் வரவில்லை. இப்போது கேட்கிறேன். வருகிற சனிக்கிழமைக்கும் அடுத்த இரண்டு சனிக்கிழமைகளுக்கும் கடையில் விடுப்பு எடுத்திருக்கிறேன். அண்ணன் வீட்டுக்கு வாருங்கள். அவர் சொன்னதையெல்லாம் எனக்குச் சொல்லுங்கள். ஒன்றையும் சுருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி