குடிக்காத கணவருக்கு வந்த குடிகாரப் பெயர்

கொரோனா பயம் அடங்கி, முகக்கவசத்தை எல்லோரும் கழற்றிப் போட்டிருந்த சமயம். ஆவடி பக்கத்தில் முத்தாபுதுப்பேட்டையில் குடியிருந்தோம். நான் இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். என் கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் லேத் வேலை. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. டீ கூட அளவாகக் குடிக்கிற மனிதர். சாப்பாடு இறங்கவில்லை, வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்று ஸ்கேன் எடுத்தோம். ஈரலில் புற்றுநோய்க் கட்டி என்று வந்தது.

அழுதேன்தான். அதையெல்லாம் இங்கே விவரிக்கப் போவதில்லை. எனக்கு அழுகையைவிட வாய் அதிகம்.

கட்டி இருந்த இடம் ஆபரேஷனுக்குத் தோதாக இல்லை என்று கதிர்வீச்சுக்கு அனுப்பினார்கள். எங்கள் பக்கம் அதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். அந்தப் பிரிவின் டாக்டர் ஒரு பெண்மணி. கட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அது எதனால் வந்தது என்று துருவ ஆரம்பித்துவிட்டார். குடிப்பழக்கம் உண்டா, சர்க்கரை உண்டா, சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்ததா, வீட்டில் வேறு யாருக்காவது வந்ததா என்று கேள்வி மேல் கேள்வி. எனக்கு எரிச்சல் வந்தது. வந்தது வந்துவிட்டது, எதனால் வந்தால் என்ன, கரண்ட் வைத்துக் கரைத்து விடுங்களேன் என்றேன்.

"அப்படி இல்லம்மா. கட்டிக்கு வைக்கிற கரண்ட்ல கொஞ்சம் சுத்தி இருக்கிற ஈரலுக்கும் போகும். அது தாங்குமான்னு பார்க்கணும். ஆணி அடிக்கிறதுக்கு முன்னாடி சுவர் எப்படி இருக்குன்னு பார்க்க மாட்டீங்களா? குடியால கெட்ட ஈரல் ஒரு மாதிரி, கொழுப்பு சேர்ந்து கெட்டது ஒரு மாதிரி, வைரஸ் அரிச்சது ஒரு மாதிரி. கட்டி ஒரே சைஸா இருந்தாலும் முடிவு ஒரே மாதிரி இருக்கிறதில்ல" என்றார்.

ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பது தெரிந்தது. இவர் உடம்பில் பல வருடமாகச் சத்தம் போடாமல் இருந்திருக்கிறது. அப்படியே கரண்ட் வைத்தால் அது சீண்டிவிட்ட மாதிரி கிளம்பி, மிச்ச ஈரலையும் படுக்க வைத்துவிடலாமாம். அதனால் முதலில் மாத்திரை, வைரஸ் அடங்கிய பிறகு கரண்ட், அதற்குப் பிறகும் மாத்திரையை விடக் கூடாது என்றார். எனக்கும் மகளுக்கும் பரிசோதித்தார்கள். கர்த்தர் கிருபை, எங்களுக்கு இல்லை.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. இந்த வைரஸ் பெரும்பாலும் பிரசவ நேரத்தில் அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது, கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும், யாராவது இருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு தம்பி இருக்கான். வெளியூர்ல" என்றார் என் கணவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். என் கொழுந்தன் இருப்பது அம்பத்தூரில். எங்கள் வீட்டிலிருந்து நாலு ஸ்டேஷன் இருக்குமா?

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் பிடித்துக்கொண்டேன். எதற்காக அந்தப் பொய் என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, "அம்மா பேரை எடுக்காத" என்றார். அவ்வளவுதான் பதில். என் மாமியார் எங்கள் காலனி சபையில் பிள்ளைகளுக்குப் பைபிள் சொல்லித்தரும் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவர். நாற்பது வயதுக்காரர்கள் இன்றைக்கும் 'டீச்சரம்மா' என்று எழுந்து நின்று பேசுவார்கள். கடைசியில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகித்தான் இறந்தார். இந்த வைரஸ் தப்பான சகவாசத்தால் மட்டும்தான் வரும் என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் நம்புகிறார்கள். அந்தப் பேச்சு அம்மாவைத் தொட்டுவிடும் என்று இவருக்குப் பயம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பைபிள் மேல் கை வைக்கச் சொன்னார். அதெல்லாம் முடியாது என்றுவிட்டேன். ஆனால் கரண்ட் ஏறுகிற உடம்போடு மல்லுக்கு நிற்கவும் மனம் வரவில்லை. சிகிச்சை முடியட்டும், நானே கொழுந்தனிடம் போட்டு உடைத்துவிடுகிறேன் என்று பொறுத்திருந்தேன்.

அதற்குள் தெரு தன் வேலையைச் செய்துவிட்டது. ஈரல் கெட்டால் குடி, நுரையீரல் கெட்டால் பீடி. எங்கள் தெருவின் வைத்தியம் அத்தோடு சரி. பார்க்க வருகிறவர்கள் ஆர்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, "அண்ணன் குடிப்பாரா?" என்று என் காதில் கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். யார் இல்லை என்று எடுப்பார்கள்? ஒரு வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வந்த பாஸ்டர், "இந்தச் சகோதரனைப் பிடித்திருக்கும் குடியின் கட்டுகளை அறுத்தெறியும் ஆண்டவரே!" என்று தொண்டை கிழிய ஜெபித்தார். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாக, ஆமென் என்றார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. சமையலறைக்குள் போய்விட்டேன்.

வைரஸ் அடங்கி, கரண்ட் ஆரம்பித்தது. மொத்தமே சில தடவைகள்தான். காத்திருக்கும் ஹாலில் பூந்தமல்லிக்காரர் ஒருவர் பழக்கமானார். கட்டி எங்களுடையது போலவே. காரணம் குடி. விட்டுவிட்டாலும் ஈரல் முன்பே தேய்ந்து போயிருந்தது. பாதியில் வயிற்றில் நீர் கட்டி, அவருக்குச் சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். டாக்டர் முதல் நாள் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒரு நாள் இவர் ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு முறைக்காக உட்கார்ந்திருந்தார். அப்போது கொழுந்தன் வந்து நின்றான். வெல்டிங் வேலை, சாயங்காலம் ஆனால் தவறாமல் டாஸ்மாக். அன்றைக்குக் குளித்து, சட்டையை இன் பண்ணி, ஆளே புதுசாக இருந்தான்.

"அண்ணி, ஒரு வாரமா தொடல. அண்ணனுக்கே இப்டின்னா நான்லாம் எந்த மூலைக்கு? உட்டுட்டேன்" என்றான். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "இன்னாண்ணே, எனக்கு எவ்ளோ பிரசங்கம் பண்ணே! நீயே ஒளிச்சு வெச்சு அடிச்சிகினு இருந்துக்கீறே. ஒரு வார்த்தை சொல்லிருந்தா நானும் கம்பெனி குடுத்திருப்பேன்ல?" என்று சிரித்தான்.

இவரும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன மாசம் கண்ணெல்லாம் மஞ்சளா கீதுன்னு ஊட்ல பயந்துட்டா. அதான் குடிய நிறுத்திட்டேன்ல? இனிமே அது தானா போய்டும். எனக்கு பயமே இல்ல" என்றான் கொழுந்தன்.

என் கணவரின் சிரிப்பு நின்றது. தம்பியின் முகத்தைப் பிடித்துத் திருப்பி, கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளேயிருந்து நர்ஸ் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எழுந்தார். போகவில்லை.

"டேய், நான் ஒரு சொட்டு கூட குடிச்சதில்லடா. இது அம்மாகிட்டருந்து வந்த வைரஸ். உனக்கும் இருக்கும். நீ குடிய உட்டா மட்டும் அது போவாது. இன்னிக்கே ரத்தம் குடு."

"யாரப் பத்தி இன்னா பேசறே?" கொழுந்தன் போட்ட சத்தத்தில் ஹாலே திரும்பிப் பார்த்தது. "அம்மாவையா சொல்றே? அம்மாவையா?"

"அம்மாக்கே தெரியாதுடா. தெரிஞ்சிருந்தா நம்ம ரெண்டு பேரையும் மொத ஆளா ஆஸ்பத்திரிக்கு இழுத்துகினு ஓடிருப்பாங்க."

கொழுந்தன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். இவர் அங்கியின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். நான் என் கொழுந்தனின் முழங்கையைப் பிடித்து ரத்தம் எடுக்கிற இடத்துக்குக் கூட்டிப் போனேன். தொட்டால் எகிறுகிறவன் அன்றைக்குச் சின்னப் பிள்ளை மாதிரி கூடவே வந்தான்.

அவனுக்கும் வைரஸ் இருந்தது. நிறைய இருந்தது. ஈரலில் தழும்பு விழ ஆரம்பித்திருந்தது, ஆனால் கட்டி இல்லை. இன்னும் கொஞ்ச காலம் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெளியூர்த் தம்பி இவர்தானா என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டார். இவர் தரையைப் பார்த்தார். கொழுந்தன் அன்றே மாத்திரை ஆரம்பித்தான்.

என் கணவருக்குச் சிகிச்சை முழுதாக முடிந்தது. ஈரல் தாங்கியது, கட்டி சுருங்கியது. மறுபடி வேலைக்குப் போனார், மகளின் கல்யாணத்தை நின்று நடத்தினார். பிறகு ஈரலின் வேறு பக்கம் புதுக் கட்டி வந்தது. அதற்கு எதுவும் பலிக்கவில்லை. போன வருடம் இறந்துவிட்டார்.

சாவு வீட்டில், தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், "குடி யாரை வாழ விட்டுது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது கொழுந்தன் காதில் விழுந்தது. சட்டையைப் பிடிக்கப் போகிறான் என்று நான் பதறிப்போய் எழுந்தேன். அவன் பிடிக்கவில்லை. சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று, கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்.

"எங்கண்ணன் குடிச்சதில்ல. எங்கம்மாக்கு ஹெபடைடிஸ் பி இருந்துச்சு. அதுல அவங்க போனாங்க, இப்ப அண்ணன் போய்ட்டாரு. எனக்கும் கீது, மாத்திரை போட்டுகினு நிக்கிறேன். அம்மா கூடப் பொறந்தவங்க, அவங்க புள்ளைங்க எல்லாம் இங்கதான் கீறீங்க. நாளைக்கே போய் ரத்தம் குடுங்க."

நிறையப் பேர் போனார்கள். என் மாமியாரின் தங்கை மகனுக்கு இருந்தது. நல்ல வேளையாக ஆரம்ப நிலை, அவனும் இப்போது மாத்திரை எடுக்கிறான்.

என் கணவர் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு காப்பாற்றப் பார்த்த அம்மாவின் பெயரை, அந்த நோயின் பெயரோடு சேர்த்து ஊரறியச் சொன்ன பிறகும், எங்கள் காலனியில் ஒருவர்கூட டீச்சரம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. இதற்காகவா அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தோம் என்பதுதான், அவர் போன துக்கத்தைவிட இன்றைக்கும் என்னை அறுக்கிறது.