வலிக்காத காலோடு நொண்டியவர்

காலையில் பல் துலக்கியதும் சித்தப்பா தையல் சாக்பீஸால் தன் கழுத்துக் கட்டியின் இரு பக்கமும் கோடு போடுவார். மூச்சை அடக்கி, டேப்பை மேலே படிய வைப்பார். சட்டை அளவு எழுதும் நோட்டில் அந்த எண்ணைக் குறிப்பார். அப்புறம்தான் பேச்சு.

முப்பது வருடமாகப் பேன்ட் தைப்பவர். மெஷின் மிதித்தே வலது முட்டி தேய்ந்துவிட்டது. முதுகில் மச்சம்போல வந்த தோல் புற்றுநோய் கழுத்துக்கும் நுரையீரலுக்கும் பரவியிருந்தது. வழக்கமாக நரம்பில் ஏற்றும் மருந்தோடு மூட்டு வீக்கத்துக்கான மாத்திரையும் சேர்ந்தால் புற்று சுருங்குமா என்று மருத்துவமனையில் ஒரு சோதனை; சித்தப்பாவும் அதில் சேர்ந்திருந்தார். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று சோதனை நடத்தும் டாக்டரம்மாவுக்கே தெரியாது.

"உங்களுக்கு மாவு வந்துட்டா?" என்றாள் சித்தி.

"நீ சுடறதையே தின்னுட்டு உயிரோட இருக்கேன். அது என்ன பண்ணிடும்?"

மூன்றாவது வாரம், வீட்டுப் படியில் தடதடவென்று இறங்கியவர் மருத்துவமனை வாசலில் நொண்டத் தொடங்கினார்.

"என்ன சித்தப்பா, நல்லாத்தானே நடந்தீங்க?"

"மெதுவாப் பேசுடா. முட்டி வலி போய் பத்து நாளாச்சு. எனக்கு நிஜ மாத்திரைதான்."

"டாக்டர்கிட்ட சொல்லலாமே. சந்தோஷப்படுவாங்க."

"அங்கதான் வம்பு. நிஜ மாத்திரைன்னு தெரிஞ்சா கட்டி சுருங்கின மாதிரியே அவங்க கண்ணுக்குத் தெரியும், அந்தத் தப்புக் கணக்க நம்பி நாளைக்கு எத்தனை பேர் இதைத் தின்பாங்களோ. வேண்டியவனுக்கு அளவெடுத்தா டேப் தானா இளகும். என் கட்டிய அளக்கறப்போ அவங்க கை இளகக் கூடாது."

"வலிக்குதான்னு கேட்டா?"

"கேட்டா பொய் சொல்ல மாட்டேன். கேக்க விடாம ஏதாவது பேசிட்டே இருப்பேன்."

அவர் உயிரே அந்தக் கட்டியின் அளவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மனிதர், முகம் தெரியாத நோயாளிகளுக்காக, நீண்ட வராந்தா முழுக்க ஒழுங்காக நொண்டிக்கொண்டு போனார். அவர் ஃபைலை எடுத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

ஆறாம் மாதம் டேப்புக்குக் கட்டி அகப்படவில்லை. நுரையீரலில் ஒரு மங்கல் நிழல்தான் மிச்சம். மாத்திரையாலா, ஏற்றிய மருந்தாலா என்று ஒருத்தரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

சோதனை முடிந்து, யாருக்கு எது என்று உறையைப் பிரித்தார்கள். சித்தப்பாவுக்கு நிஜ மாத்திரைதான். டாக்டரம்மா என்னிடம் மட்டும் இன்னொன்றும் சொன்னார். அந்த மூன்றாம் வாரம் சித்தப்பா உள்ளே வரும்போது இடது காலிலும் வெளியே போகும்போது வலது காலிலும் நொண்டியிருக்கிறார். முட்டி வலி போயிருப்பதும் மாத்திரை நிஜம்தான் என்பதும் டாக்டரம்மாவுக்குப் புரிந்துபோக, அன்றைக்கே சித்தப்பாவின் ஸ்கேனை அளக்கும் வேலையை வேறொரு டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டாராம்.