அக்கா மறக்காத மாத்திரை

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அக்கா போர்ச்சில் குட்டை நாற்காலியைப் போட்டு உட்காருவார். எங்கள் நாய் கோப்பி தானாக வந்து அவர் மடியில் தலையை வைத்துக்கொள்ளும். காதை மடித்து, கால் விரலிடுக்கைப் பிரித்து, உண்ணிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி சோப்புத் தண்ணீரில் போடுவார். ரத்தம் குடித்து ஊதிப்போன பெரியது அகப்பட்டால், "வாங்க பாஸ், குளிக்கப் போவலாம்" என்பார். என் பிள்ளை விழுந்து விழுந்து சிரிப்பான்.

அக்கா என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் மூத்த அக்காவை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். கையுறை ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டு, கிள்ளானில் எங்கள் வீட்டின் பின்னறையில் பல வருஷம் இருந்தார். கோப்பி, ஃபேக்டரி வாசலில் மழையில் நனைந்து கிடந்த குட்டி. கோப்பித் தூள் நிறம் என்பதால் அந்தப் பெயர். வீட்டுக்குப் பின்னால் புல் மண்டிக் கிடந்ததால் உண்ணிகளைக் கையால் எடுத்து மாளவில்லை. அக்கா நாய் டாக்டரிடம் போய், மாதம் ஒன்று கொடுக்கும் மாத்திரை வாங்கி வந்தார். அதற்குப் பிறகு உண்ணிகள் தாமாகவே காய்ந்து உதிர்ந்தன.

அந்த வருஷம் என் மகன் டெங்கியில் சாகக் கிடந்து பிழைத்தான். பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கினேன். வீடு கழுவி, பாத்திரம் மாற்றி, செருப்பு அலமாரியைத் துடைக்கும்போது அந்த மாத்திரைப் பெட்டி கையில் பட்டது. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனாலும் பெட்டிமேல் இருந்த பீஃப் என்ற சொல் தெரியும். கடைப் பலகையில் அதைப் பார்த்தாலே விலகி நடந்து பழகியவள். பிரித்து முகர்ந்தேன். இறைச்சி வாடை அடித்தது. பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

"அக்கா, இது என்னான்னு தெரிஞ்சுதான் வீட்டுக்குள்ள கொண்டு வந்தீங்களா?"

"நாய் மருந்துமா. கோப்பி தின்னணும்னு வாசனை போட்டிருக்கான்."

"மாட்டு வாசனை."

"கோப்பிக்கு மாடும் தெரியாது, விரதமும் தெரியாது. கடிக்கிறது மட்டுந்தான் தெரியும்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவர் புதிதாக ஒரு மாத்திரை வாங்கிக்கொண்டு, கோப்பியைக் கயிற்றோடு கேட்டுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போவதைப் பார்த்தேன். என் வீட்டுக்குள் அது வரக்கூடாது என்றுதான் அவ்வளவு தூரம் போனார் என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு அதைத் திருட்டுத்தனம் என்றுதான் நினைத்தேன். பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் கூப்பிட்டேன். சாமி மேடைக்கு முன்னால் நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, விரதம் முடியும்வரை கொடுக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். தீபத்தின்மேல் கை வைத்து, "சரிமா. உன் வீடு" என்றார். 

அது மழை மாதம். அக்கா பழையபடி இடுக்கியை எடுத்தார். வேலை அலுப்போடு, டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு தேடுவார். ஐந்தாவது வாரம் கோப்பி சோற்றைத் தொடவில்லை. ஒரு நாள் காலையில் போர்ச் சிமெண்டில் ரத்தச் சொட்டுகள். மூக்கிலிருந்து வந்திருந்தது.

கிளினிக்குக்கு நானும் போனேன். சின்ன வயசு சீன டாக்டர், ஈறைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. உண்ணிக் காய்ச்சல், பிளேட்லெட் இறங்கிவிட்டது என்றார். என் பிள்ளைக்காக ஆஸ்பத்திரியில் தினமும் நான் பயந்து பயந்து கேட்ட அதே சொல். மாதா மாதம் மாத்திரை கொடுத்தீர்களா என்று மலாயில் கேட்டார். நெற்றி நிறைய விபூதியோடு நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கலாமா என்று யோசிப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டார். "சாயா லுப்பா, டாக்டர்." மறந்துவிட்டேன் என்று.

"ஆன்டி, மறதின்னா சொல்லியிருக்கலாமே. கழுத்துக்குப் பின்னால சொட்டு விடுற மருந்து இருக்கு. அது தின்னவே வேணாம்" என்றார் டாக்டர், கோபப்படாமல். நான் கேட்டிருந்தால் அதுவே கிடைத்திருக்கும். கேட்கவில்லை. சத்தியம்தான் வாங்கினேன்.

இரண்டு நாள் டிரிப் ஏறியது. மூன்றாம் நாள் கோப்பி போய்விட்டது. என் வீட்டுக்காரர் அதன்மேல் உயிராக இருந்தவர். "நாயைத் தூக்கிட்டு வரத் தெரியுது, ஒரு மாத்திரைய ஞாபகம் வெச்சுக்கத் தெரியலையா? நீயெல்லாம் ஏன் வளக்குற?" என்று அக்காவை நிற்க வைத்துக் கேட்டார். அக்கா, "வயசாயிருச்சு தம்பி" என்றார். நான் அடுப்படியில் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அது எப்போதோ வெந்துவிட்டிருந்தது.

தைப்பூசத்தன்று அக்கா லீவு போட்டு வந்தார். தார் ரோட்டில் என் கால் சுடக்கூடாது என்று படிக்கட்டுவரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே நடந்தார். "சுடுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். முருகனிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்று இன்றைக்கு நினைவில்லை. அந்தக் கேள்வி மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு அக்காவின் மறதி வீட்டில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. யாராவது சாவியை விட்டுவிட்டு வந்தால், "அத்தை மாத்திரை கதையா?" என்பான் மகன். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதத்தில் போனார். கருமாதி அன்றும் யாரோ அந்தக் கதையைப் பிரியமாகத்தான் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

மகன் இப்போது செராஸில் இருக்கிறான். வீட்டில் ஒரு நாய். போன ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியோடு வந்திருந்தான். போனில் மணி அடித்தது. "மாத்திரை நாள். எங்க அத்தை மாதிரி மறந்தா நாய் போயிரும்லா" என்று அவளிடம் சொன்னான். மருமகள் சிரித்தாள். அவள் அக்காவை ஒரு நாளும் பார்த்ததில்லை. அக்காவைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

"அத்தை மறக்கல. நான்தான் குடுக்க விடல" என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. குப்பையில் போட்டது, கற்பூரம், டாக்டர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். மகன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் வீட்டுக்காரர் கையிலிருந்த தேத்தண்ணி கிளாஸைக் கீழே வைத்தார்.

"அக்கா ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லல."

"நீயும் சொல்லல."

எழுந்து போய் சுவரில் இருந்த அக்கா படத்துக்கு முன்னால் நின்றார். "அன்னைக்கு அவ்வளவு பேசிட்டேனேக்கா" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.