முக்கால் போர்வை

பங்கஜம் டீச்சர் போய்விட்டார் என்று வாட்ச்மேன் வந்து சொன்னபோது, நான் எட்டாம் வகுப்புப் பெண்களுக்குப் பொத்தான் காஜா எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். 'ஐயோ பாவம்' என்று எனக்குத் தோன்றவில்லை. 'ஐயோ, என் அம்மாவின் சேலைகள்!' என்றுதான் தோன்றியது. அவரோடு பள்ளியில் வேலை பார்த்த உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இரங்கல் கூட்டத்தில் அவரைச் சகல கலைகளும் அறிந்தவர் என்றீர்கள். சகலமும் அரைகுறை என்று யாரும் சொல்லவில்லை. ஆர்மோனியம் இரண்டு வருடம் கற்றார். ஒரு கீதம் முழுதாக வரவில்லை. டைப்ரைட்டிங் கற்றார், பரீட்சையன்று உருது வகுப்பு இருக்கிறதென்று பரீட்சைக்கே போகவில்லை. ஐம்பது வயதுக்கு மேல், ஒன்பது கஜப் புடவையோடு சைக்கிள் கற்றார். ஏறக் கற்றார், இறங்கக் கற்கவில்லை. பள்ளி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "யாராவது பிடிச்சுக்கோங்கோளேன்!" என்று அலறியதையும் பியூன் ஓடிப்போய்ப் பிடித்ததையும் நாம் எல்லோரும்தான் பார்த்தோம். இதற்குப் பெயர் கலையா? ஆரம்ப சூரத்தனம்.

நானும் அவரும் ஒரே பள்ளியில் தையல் டீச்சர்கள். எடுத்த வேலையை முடிக்காமல் நான் எழுந்ததில்லை. நயா பைசா வந்த புதிதில் என் அம்மா இறந்தாள். அவள் கட்டிய உறையூர்ச் சேலைகள் ஆறு இருந்தன. "குடுடி, ஒட்டுப்போட்டுப் போர்வையாத் தைச்சுத் தரேன். அம்மாவே போர்த்திவிட்ட மாதிரி இருக்கும்" என்றார் பங்கஜம் டீச்சர். புத்தி கெட்டுக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் ஆறையும் துண்டு துண்டாக வெட்டிவிட்டார். அதோடு சரி. வருடங்கள் ஓடின. சேலையும் இல்லை, போர்வையும் இல்லை.

கேட்டால், "பாலக்கரையிலே புதுசா ஒரு தையல் கத்துண்டிருக்கேன், அது உன் போர்வைக்குத்தான்" என்பார். ஒருநாள் ஆசிரியர் அறையிலேயே கத்திவிட்டேன். "ஒரே ஒரு வேலையையாவது முடிங்க டீச்சர்!"

அவர் சிரித்தார். "முடிக்கிறதுக்குத்தான் நீ இருக்கியே சரோஜா. ஆரம்பிக்க ஒருத்தி வேண்டாமா?"

எல்லோரும் சிரித்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு நான் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

செய்தி வந்த அன்று மதியம் ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். அவருடைய அண்ணன் மகன், இறந்தவர் படுத்த படுக்கையைக் கொள்ளிடத்தில் போடுவதற்காக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். பாதி தைத்த போர்வைகளும் அதற்குள்தான்.

"இதிலே எது டீச்சர் உங்களோடது? எல்லாமே கந்தலாத்தான் இருக்கு" என்றார்.

அம்மா சேலையின் மாம்பழக் கலர்க் கரையை எனக்குத் தெரியாதா? உருவி எடுத்தேன். சாவு வீட்டிலிருந்து படுக்கைத் துணியைத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்று அங்கிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

வீட்டில் விரித்துப் பார்த்தேன். விளிம்பில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வரும் தையல். நடுவில் கால்வாசி தைக்காமல் திறந்து கிடந்தது, ஊசி குத்தியபடி. இரண்டு மணி நேர வேலை என்று மெஷினில் வைத்தேன். நாலாவது வரியில் அம்மாவின் சேலை பர்ரென்று கிழிந்தது. அழுதுவிட்டேன். கையால் தைத்தேன், துணி சுருங்கிக்கொண்டது. அவர் போட்ட தையலோ கடுகு வைத்தாற்போல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. இருபது வருடத் தையல் டீச்சர் நான். எனக்கு அந்தத் தையல் தெரியாது.

சனிக்கிழமை பாலக்கரைக்குப் போய், அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஜைனபு பீவியை விசாரித்துக் கண்டுபிடித்தேன். அந்த அம்மாள் என் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்களும் டீச்சருங்களா?"

என்னிடம் யாரும் அந்தக் குரலில் பேசியதில்லை. நான்தான் பங்கஜம் டீச்சரிடம் அப்படிப் பேசியிருக்கிறேன். அங்கேயும் அழுதுவிட்டேன்.

"அந்தம்மா ரெண்டு வருஷம் வந்தாங்க. தப்பாப் போனா சிரிச்சிக்கிட்டே பிரிச்சிருவாங்க. நீங்க அழுவுறீங்க. பிரிங்க, மொதல்லேருந்து போடலாம்."

பிரிக்கிறேன், போடுகிறேன், மறுபடி பிரிக்கிறேன். ஆறு சனிக்கிழமை ஆயிற்று. பங்கஜம் டீச்சரிடமிருந்து எனக்கென்று தங்கியது முக்கால் போர்வையும் அந்த ஊசியும்தான். என் ஆயுளில் நான் முடிக்காமல் வைத்திருக்கும் வேலை இது ஒன்றுதான். அதையும் ஆரம்பித்துவைத்தவர் அவரேதான்.